குரூப் புராஜெக்ட்: உழைச்சது ஒருத்தர், மார்க் எல்லாருக்கும் ஒண்ணா?

காலேஜ் ஃபைனல் இயர் புராஜெக்ட் ஞாபகம் இருக்கா? நாலு பேர் குரூப். ஒருத்தர் ராத்திரி முழிச்சு கோடிங் எழுதுவார். இன்னொருத்தர் ரிப்போர்ட் டைப் பண்ணுவார். மூணாவது ஆள் பைண்டிங் போட்டு வாங்கி வருவார். நாலாவது ஆள் வைவா அன்னிக்கு இஸ்திரி போட்ட சட்டையோட வந்து நிற்பார். கடைசியில் நாலு பேருக்கும் 80 மார்க்.

இந்தப் பழைய கோபத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. குழுவின் வேலைக்கு ஆசிரியர் மார்க் போடுவார். அதில் யாருக்கு எவ்வளவு என்பதற்கு, உறுப்பினர்களே ஒருவரையொருவர் ரகசியமாக மதிப்பிடுவார்கள். பிரிட்டனின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் உருவான 'வெப்பிஏ' மென்பொருள் இந்த வழியில்தான் இயங்குகிறது.

எளிமையாகப் பார்ப்போம். ஒவ்வொருவர் கையிலும் 100 புள்ளி. தன்னையும் சேர்த்து நாலு பேருக்கும் பங்கு போடணும். எல்லாரும் சமமாக உழைத்திருந்தால் ஆளுக்கு மொத்தம் 100 சேரும். கோடிங் எழுதியவருக்கு 120 வந்தால் அவர் பங்கு 1.2 மடங்கு. சட்டைக்காரருக்கு 60 வந்தால் 0.6. குழு மார்க் 80-ஐ அப்படியே பெருக்கினால் 96, 48. ரொம்பக் கடுமையாத் தோணுதா? பாதி மார்க்கைப் பொதுவாக வைத்துவிட்டு மீதிப் பாதியை மட்டும் பெருக்கலாம். அப்போ 88, 64.

ஓட்டையும் உண்டு. நண்பர்கள் பேசி வெச்சுக்கிட்டு ஆளுக்கு 25 போட்டால் கணக்கு படுத்துவிடும். சத்தமில்லாமல் வேலை பார்ப்பவரைவிட, வாட்ஸ்அப் குரூப்பில் அதிகம் பேசுபவருக்குப் புள்ளி கூடும். (ஆபீஸ் அப்ரைசல் மாதிரியே இருக்கு இல்ல?)

இன்னொரு சிக்கல்: யார் உழைச்சாங்கன்னு இது சொல்லும், யார் கத்துக்கிட்டாங்கன்னு சொல்லாது. இதற்கு 1971-லேயே ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். இனப் பிரிவினை நீங்கி, கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்தனர், உரசல் அதிகம். உளவியலாளர் எலியட் அரோன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அதைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித் தரணும். ஆனால் பரீட்சை முழுப் பாடத்துக்கும், தனித்தனியாக. பக்கத்துப் பிள்ளை பேசுவதைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

பங்கு மதிப்பீட்டைக் கடைசி நாளில் மட்டும் கேட்பதுதான் பல இடங்களில் நடக்கும் தப்பு. அது பழிவாங்கலாகத்தான் முடியும். பாதி வழியில் ஒருமுறை, மார்க் இல்லாமல் கேட்டுப் பார்க்கலாம். சட்டைக்காரருக்கு ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமாவது எழுத அப்போது நேரம் இருக்கும்.