ஐ.பி.எஸ். படிக்காமலே வரும்!

பீச்-தாம்பரம் மின்சார ரயிலில் டாய்லெட் கிடையாது. இதன் கஷ்டம், காலை எட்டே முக்காலுக்கு வயிறு கடமுடா என்கிறவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் இளைஞர் ஒருத்தர், எந்த ஸ்டேஷனில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எங்கே குழாயில் தண்ணீர் வரும் என்று மனப்பாடமாகச் சொல்வார்.

"அமீபா சார்!" என்பார். கண்டுபிடித்தது? மருந்துக்கடைப் பையன். மாசா மாசம் ஒரு அட்டை மெட்ரானிடஸோல். செய்யாத குற்றத்துக்கு அந்த அமீபா எத்தனை தடவைதான் தூக்கில் தொங்கும்?

நான் பி.காம். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போட்டால் கை நடுங்கும். ஆளை டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் கேள்வியாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எப்படி? (சுகம்.) ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? (இல்லை.) ரத்தம்? ஜுரம்? (இல்லை.) எடை குறைந்ததா? (தொப்பையைத் தடவிக் காட்டினார்.) மல டெஸ்ட்டிலும் அமீபா இல்லை.

வந்திருப்பது ஐ.பி.எஸ். போலீஸ் உத்தியோகம் இல்லை; இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். குடலில் புண் இருக்காது. மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடுகிற நரம்புக்கு மட்டும் ஓவர் சுறுசுறுப்பு. மேனேஜரை நினைத்தாலே கலக்கும். "அப்ப எல்லாம் மனப்பிரமையா?" என்று நம்மாள் முறைத்தார். வலி நிஜம்தானாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பால் குடித்தால் கலக்கும், தயிர் சாதம் ஒன்றும் செய்யாது. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கிற லாக்டேஸ், குழந்தைப் பருவம் தாண்டினால் பல பேருக்குக் குறைந்துவிடும். தயிரிலோ அதில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. தைராய்டு அதிகமானாலும் பேதியாகும். சுகருக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினாலும் ஆகும்.

எனக்குக் கவலை, அதே ஆபீஸ் கேஷியரைப் பற்றித்தான். ரத்தம் போயிருக்கிறது. ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த 'மூலம், பௌத்திரம்' நோட்டீஸைப் பார்த்து, ஒன்றரை வருஷம் லேகியம். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பார். ஒன்பது கிலோ இறங்கியது. "ஸ்லிம் ஆயிட்டீங்களே சார்!" என்று ஆபீஸே பாராட்டியது. குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெரும்பாலும் வாலிப வயசிலேயே ஆரம்பிக்கிற நோய். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கேன்சர் ஆபத்தும் கூடும். குடல் டி.பி.யும் இதே மாதிரி வேஷம் போடும் என்பதால், சின்னதாகச் சதை எடுத்தும் பார்த்தார்கள்.

இப்போது மாத்திரையில் தேவலை. லீவு லெட்டரில் மட்டும் இன்னமும் 'ஜுரம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்.