ஸ்கேன் கருவி வாங்கிக் கொடுத்தால் போதுமா?



எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தால் நம் பகுதி மக்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, காட்டாங்குளத்தூருக்கோ போய்க் காத்திருக்கிறார்கள். "அறக்கட்டளை சார்பில் ஒரு கருவி வாங்கி இங்கேயே ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்தால் என்ன?" என்று சகோதரர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கருவி வாங்குவது வேலையின் தொடக்கம் மட்டுமே. அதை வைக்கும் அறையும், அதன் பராமரிப்பும் சரியாக இல்லாவிட்டால் நன்மைக்கென்று கொடுத்தது ஆபத்தாகிவிடும்.

எம்.ஆர்.ஐ.: அணையாத காந்தம்

2018 ஜனவரி 27 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினரின் ஸ்கேனுக்காக வந்த 32 வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்றார். கருவி அணைந்திருப்பதாக ஊழியர் சொன்னார் என்பது குடும்பத்தாரின் புகார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது. அவர் உயிரிழந்தார்.

2014 நவம்பரில் நவி மும்பை கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆய்வு மருத்துவமனையில் இரண்டு ஊழியர்கள் சிலிண்டருக்கும் கருவிக்கும் நடுவே சுமார் நான்கு மணி நேரம் சிக்கிக்கொண்டார்கள். அவசரத்தில் காந்தத்தைச் செயலிழக்கச் செய்யும் பொத்தான் வேலை செய்யவில்லை.

எக்ஸ்ரே, சி.டி. கருவிகளை அணைத்துவிட்டால் கதிர்வீச்சு இல்லை. எம்.ஆர்.ஐ. அப்படியல்ல. அதன் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரி குளிரில், திரவ ஹீலியத்தில் இருக்கிறது. அதில் மின்சாரம் நிற்காமல் ஓடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையிலும், கரண்ட் போன நேரத்திலும் காந்தம் இருக்கவே செய்யும். 1.5 டெஸ்லா கருவி பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது.

அவசரப் பொத்தானை அழுத்தினால் ஹீலியம் ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து வாயுவாகும். அது கட்டடத்துக்கு வெளியே போகத் தனிக்குழாய் வேண்டும். இல்லையேல் அறைக்குள் பரவி மூச்சுத் திணற வைக்கும். குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததே.

எக்ஸ்ரே, சி.டி.: சுவரும் உரிமமும்

இவற்றை நிறுவ ஏ.இ.ஆர்.பி. எனப்படும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளைப் பின்பற்ற வேண்டும். அதன் ஆய்வு நிறுவனம் ஒன்று நம் மாவட்டத்துக் கல்பாக்கத்திலேயே இருக்கிறது. வாரியம் ஒப்புதல் அளித்த மாடல் கருவிதான் வாங்கலாம். இயக்க உரிமமும் பெற வேண்டும். கதிர் வெளியே போகாதபடி சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கதவில் ஈயத்தகடு வேண்டும். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட். சுவருக்கு அப்பால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணியைக் காப்பது அந்தச் சுவர்தான்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தரப் பரிசோதனை நடக்க வேண்டும். கதிர் அளவைப் பாதிக்கும் பெரிய ரிப்பேர் செய்தாலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். பழைய கருவியை வாங்கினாலும் இதே விதிகள்தான்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாத இடத்துக்கு அந்தக் கருவியை விற்கவோ கொடுக்கவோ கூடாது. நன்கொடை என்பதால் விலக்கு கிடையாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• எம்.ஆர்.ஐ. அறைக்குப் போகுமுன் ஹிஜாப் பின், ஊக்கு, நகை, தாயத்துக் கூடு, சாவி, கைப்பேசி எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். துணைக்குப் போகிறவருக்கும் இதே விதிதான். ஊழியரே சொன்னாலும் சிலிண்டரையோ சக்கர நாற்காலியையோ நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள்.

• பேஸ்மேக்கர், எலும்பில் வைத்த பிளேட், கண்ணில் பட்ட இரும்புத் துகள் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

• கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் எக்ஸ்ரே, சி.டி.க்கு முன் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

• எக்ஸ்ரே, சி.டி. எடுக்கும் இடத்தில் ஏ.இ.ஆர்.பி. உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கருவிக்கு நன்கொடை தர விரும்புவோர் அறை, உரிமம், ஆண்டுப் பராமரிப்பு, பயிற்சி பெற்ற டெக்னீஷியன் சம்பளம் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். அவற்றுக்கு வழியில்லாத இடத்தில் புதுக் கருவி வைப்பதைவிட, ஏற்கெனவே முறையாக நடக்கும் மருத்துவமனையில் ஏழைகளின் ஸ்கேன் கட்டணத்தைக் கட்டுவதே மேல் என்பது எங்கள் கருத்து. மக்கள் தரும் ஸதகா எங்களிடம் அமானத். அது ஒருவர் உயிருக்கும் ஆபத்தாக முடியக் கூடாது.