களவெட்டியும் குளிர்த்தியும்: படுவான்கரைக் கிராமங்களின் நம்பிக்கைகள் பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படும் திசையில் அமைந்தமையாற் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பரப்பு, வயலும் குளமும் காடும் கலந்த வேளாண்மைப் பிரதேசமாகும். கடலோரமாகிய எழுவான்கரையிற் பாடசாலையும் கந்தோரும் கடைவீதியும் பெருகிய காலத்திலும், இதன் உட்கிராமங்கள் தோணியையும் மாட்டுவண்டியையுமே நம்பியிருந்தன. மண்முனைத் துறையிற் பாலம் அமைந்தது 2014இலேதான். இத்தகைய கிராமங்களைப்பற்றி எழுதுவோர் பலர், கல்வி வந்தால் மூடநம்பிக்கை போய்விடும் என்ற சூத்திரத்துடன் அமைந்துவிடுகின்றனர். இரு வழக்கங்களைக் கொண்டு அச்சூத்திரத்தை நாம் சோதித்துப் பார்க்கலாம்.

சூடு மிதிக்கும் களத்தை இப்பகுதியார் களவெட்டி என்பர். மாடுகளைப் பிணைத்துச் சூடு மிதித்த காலத்தில், அக்களத்தினுள் அன்றாடப் பேச்சு விலக்கப்பட்டிருந்தது. நெல்லை நெல் என்னாது 'பொலி' என்றனர். மாட்டுக்கும் கருவிகளுக்குங்கூட வேறு பெயர்கள் வழங்கின. பேச்சைச் செவியுறும் பூதங்கள் விளைவைக் கவர்ந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஆயின், போடியாரும் முல்லைக்காரரும் வட்டை விதானையும் ஊர்த்தொழிலாளரும் கோயிலும் தத்தம் பங்கை எதிர்நோக்கியிருந்த இடமும் அக்களமே என்பதை மறந்துவிடலாகாது. பூதத்துக்கு மறைத்த பேச்சிற் பங்காளருக்கு மறைத்த கணக்கும் ஓரளவு கலந்திருக்கலாம் என்பது எமது ஊகம்.

உழவு இயந்திரமும், பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தன. சில மணி நேரத்தில் நெல் மூடையாகி வீதிக்கு வந்துவிடும் இடத்தில், இராமுழுதும் காவலிருந்து குழூஉக்குறி பேசுவதற்கு அவசியமில்லை. பூதம் இல்லையென்று எவரும் பிரசாரம் செய்யவில்லை. உற்பத்தி முறை மாறியது, அதனைச் சார்ந்திருந்த நம்பிக்கை ஓசையின்றி ஒதுங்கியது. இதனளவிற் சூத்திரத்தின் முடிவு சரி, அது கூறும் காரணம் பிழை.

கண்ணகி வழிபாட்டின் கதையோ வேறு. வைகாசி மாதத்திற் கோயிற் கதவு திறந்து, வழக்குரை படித்து, கப்புகனார் குளிர்த்தி ஆடுவிப்பது கிழக்கிலங்கை மரபு. மதுரையை எரித்தவளின் சினம் தணிந்தால் நாடும் குளிரும் என்பது கருத்து. வைசூரி, கொப்புளிப்பான், சின்னமுத்து முதலிய வெப்பு நோய்கள் யாவும் அம்மனின் வருகையாகக் கொள்ளப்பட்டன. நோயாளியை வேப்பிலையுடன் தனியறையில் வைத்தமை தொற்றைக் குறைத்திருக்கக்கூடும். வைத்தியரை நாடத் தாமதிக்கச் செய்ததும் அதே நம்பிக்கைதான். இவற்றுள் முன்னதை மட்டும் எடுத்துக்காட்டி நம் முன்னோரின் விஞ்ஞானம் என்று பெருமைகொள்வோருடன் எமக்கு உடன்பாடில்லை.

அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு 1802இல் வந்தது. வைசூரி உலகினின்றும் ஒழிந்துவிட்டதென 1980இல் உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்தது. நோய் போயிற்று, குளிர்த்தி போகவில்லை. மழை, விளைச்சல், கால்நடை என உழவனின் கைக்கு அடங்காத அனைத்தும் அதனுடன் பிணைந்திருந்தன. 1978 நவம்பரிற் சூறாவளி இப்பகுதியைச் சிதைத்தமையை எண்ணினால், அந்நிச்சயமின்மை பழங்கதையன்று என்பது புலனாகும். குடிகளின் உரிமையும் வரிசையும் கோயிலில் நிலைநாட்டப்பட்டமையும் ஒரு காரணமாகும். அவ்வரிசை எல்லோருக்கும் சமமானதாக இருந்ததில்லை.

போர்க்காலத்தில் அம்மன் வழிபாடு முற்றிலும் புதியதொரு பணியை ஏற்றது. 1990ஆம் ஆண்டின் பின் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், பொலிசு நிலையத்திலும் முகாமிலும் விடை பெறாது, காளி, மாரி முதலிய அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்கச் சென்றனர். இவ்வாறு வாக்குச் சொன்னோருட் பெண்கள் பலர். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்சு 1990களில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வெளியே பேச அஞ்சிய துயரைச் சன்னதியில் உரத்துச் சொல்ல முடிந்தது என்பது அவ்வாய்விலிருந்து நாம் அறிவதாகும்.

ஒரு காலத்தில் வைசூரிக்காகக் கூப்பிடப்பட்ட தெய்வத்திடம், கொண்டுசெல்லப்பட்ட மகன் உயிருடன் உள்ளானா என்று கேட்கப்பட்டது. இதனைப் பழைமையின் எச்சம் என ஒதுக்குதல் தகாது. இக்கேள்வியை எழுப்பியது நவீன அரசும் அதன் ஆயுதமுமே. காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2018இல் அவ்வலுவலகம் இயங்கத் தொடங்கியது. அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்த தாய்மார், அதற்குள் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்தவர்கள்.