பொன்னெழுத்தையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள்!

பிறர் உபயோகித்த தையல் இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறீர்களா? வாங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்களா? அதன்மேல் ஒட்டியிருக்கும் தாள்களைச் சுரண்டத் தொடங்குமுன் இந்தப் பக்கத்தைச் சற்றே வாசித்துவிடுங்கள். பட்டறிந்தவன் எழுதுகிறேன்.

ரமளான் பிறக்க இரண்டு வாரங்களே இருந்த வேளையில், என் தங்கைக்காக வெளியூர்க் கடையொன்றிலிருந்து பழைய சிங்கர் இயந்திரம் ஒன்றை நைனார்பாளையத்துக்குக் கொண்டுவந்தோம். பெருநாள் துணிகள் தைத்துக் கொடுத்தால் கையில் நான்கு காசு சேரும் என்பது அவளுடைய கணக்கு. கறுப்பு மேனியில் நான்கு ஒட்டுத்தாள்கள். ஒன்றில் விலை, ஒன்றில் கைப்பேசி எண், மூன்றாவதில் ஏதோ பூப்படம், நான்காவது, அடித்தட்டின் வலப்பக்கத்தில், எழுத்தெல்லாம் மங்கிப்போன வெள்ளைத் தாள். கையால் உரித்தபோது தாள் கிழிந்து வந்தது, பசை வரவில்லை. தூசி படிந்து கறுத்த அந்தப் பிசுக்கின்மேல் ஊரார் கொடுக்கும் வெள்ளைத் துணி உரசினால் என்ன ஆகும் என்று தையல் தெரிந்த சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் படித்தது கலைப் படிப்பு. வேதியியலோடு எனக்குப் பழக்கம் கிடையாது. ஆயினும் வீட்டில் 'படித்தவர்' என்ற பெயர் இருக்கிறதே! கொரோனாக் காலத்தில் வாங்கி மீந்திருந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். பசை போயிற்று. கூடவே 'சிங்கர்' என்ற பொன்னெழுத்தில் பாதியும் பஞ்சோடு வந்துவிட்டது. தங்கை ஒன்றும் பேசவில்லை. "போதும் அண்ணே" என்று பஞ்சை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

காரணத்தைப் பிறகுதான் அறிந்தேன். அக்காலத்து இயந்திரங்களின் வார்ப்பிரும்பு உடலுக்குக் கறுப்புப் பூச்சிட்டு, சூட்டில் இறுக்கி, அதன்மேல் பொன்னிறச் சித்திரங்களைப் பதித்து, அவை அழியாதிருக்க ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவினார்கள். பெரும்பாலும் அது அரக்குப் பூச்சு. நம்மூர்த் தச்சர் மேசைக்குப் பாலிஷ் போடுவதைக் கவனித்திருப்பீர்கள். அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே? அதே ஆல்கஹால்தான் சானிடைசரிலும், பலவகை சென்ட்டுகளிலும், முகச்சவரத்துக்குப் பின் பூசும் திரவத்திலும் இருக்கிறது. பசையைக் கரைக்கப் போய், எழுத்தைக் காத்துநின்ற கவசத்தை நானே கரைத்துவிட்டேன்.

அப்படியானால் எதைக் கொண்டு துடைப்பது? விடை இயந்திரத்தின் பக்கத்திலேயே சிறு குப்பியில் இருக்கிறது. தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய்தான்! ரப்பர் கலந்த பசையை அது மெல்ல இளக்கும், அரக்கைத் தொடாது. பஞ்சை எண்ணெயில் தோய்த்துப் பிசுக்கின்மேல் படியவைத்து, அரைமணி நேரமோ, பிடிவாதமான பசையாயின் இரவு முழுவதுமோ விட்டுவிடுங்கள். பிறகு விரல் நுனியால் உருட்டினாலே திரண்டு வரும். சுரண்டித்தான் ஆகவேண்டும் என்றால் காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் ஓரம் போதும். கத்தியும் பிளேடும் வேண்டா. உப்புத்தாள் வேண்டவே வேண்டா. தேங்காய் எண்ணெயும் பசையை இளக்கும். ஆனால் மேற்புறத்தோடு நிற்கட்டும். உள்ளே இறங்கினால், மார்கழியில் கல்வராயன் பக்கத்துக் குளிர் எட்டும் நம் பகுதியில், அது உறைந்து சக்கரத்தைக் கனக்கச் செய்யும். நாளடைவில் அதுவே பிசுக்காகிவிடும்.

தாளையும் பசையையும் பிரித்தறிவது முக்கியம். தாள் காகிதமாயின் எண்ணெய் அதனுள் ஊறும். பளபளக்கும் பிளாஸ்டிக் தாளாயின் எண்ணெய் உள்ளே புகாது. முதலில் சூடுகாட்டித் தாளை உரிக்க வேண்டும். முடியுலர்த்தும் கருவி இருந்தால் நன்று. இல்லையேல் வெந்நீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரைச் சில நிமிடங்கள் தாளின்மேல் அழுத்திவையுங்கள். பிறகு ஒரு மூலையைக் கிளப்பி மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் பசையின் பிடி கூடும், தாள் கிழியும். மைதாப் பசையால் ஒட்டிய பழைய சீட்டாயின் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியே போதும். எண்ணெய் அங்கே பயன்படாது. இரண்டு பகுதிகளைக் கலந்து ஒட்டும் எபாக்சிப் பசையோ இவை எதற்கும் அசையாது. மறைவான இடமென்றால் அதை அப்படியே விட்டுவிடுவது உத்தமம்.

எதைப் பூசுவதாயினும் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஒரு துளி தடவிப் பார்த்துவிட்டே தொடருங்கள். நகப்பூச்சு நீக்கியையும் பெயிண்ட் தின்னரையும் பிளாஸ்டிக் பாகங்களின் அருகே கொண்டுபோகாதீர்கள்; பல பிளாஸ்டிக்குகள் இளகி உருக்குலைந்துவிடும். இறுதியில் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, கழிவுத்துணி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வரிசை தைத்துப் பார்த்த பின்னரே புதுத்துணியை ஊசியின்கீழ் வையுங்கள்.

பெட்ரோலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பசை நீக்க அதைப்போல் எளிதான பொருள் இல்லை என்பார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப்போய் அடுப்படி நெருப்பைத் தொடும். மோட்டார் பொருத்திய இயந்திரமாயின், உள்ளே கார்பன் பிரஷ் உரசும்போது எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதுமானது. போதாக்குறைக்கு, பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. குழந்தைகள் தவழும் வீட்டில் இது எதற்கு?

மோட்டார் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய மின் இயந்திரங்கள் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, சவூதியில் முன்பு பல பகுதிகளில் 127 இருந்தது, நமக்கோ 230. எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது என்பதை மோட்டாரின் சிறு தகடுதான் சொல்லும். விலைச்சீட்டு அந்தத் தகட்டின்மேலேயே ஒட்டியிருந்தால், அதை நீக்கி எண்ணைப் படிக்கும்வரை பிளக்கைச் செருகவேண்டா, மோட்டார் கருகிவிடும். தகட்டு எழுத்து மெல்லிய மையாக இருக்கலாம். அங்கும் எண்ணெயே, அதுவும் தேய்க்காமல்.

வாங்கும்போதும் ஒட்டுத்தாளைச் சந்தேகத்தோடு பாருங்கள். வார்ப்பிரும்பில் விரிசலோ, ஒட்டுப்போட்ட தடமோ அதன்கீழ் ஒளிந்திருக்கக்கூடும். கடைக்காரர் எதிரிலேயே உரிக்கச் சொல்லுங்கள். நாமே விற்பவராக இருந்தால், குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்ற மார்க்கக் கட்டளை இரும்புக்கும் பொருந்தும்தானே!

மீண்டும் தங்கையின் இயந்திரத்துக்கு வருகிறேன். எஞ்சிய மூன்று தாள்களையும் அவளே எண்ணெய் தோய்த்து எடுத்தாள். நான் தள்ளி நின்று பார்க்க மட்டுமே அனுமதி! அந்த நான்காவது தாளின்கீழே இரும்பில் வெட்டிய எண் ஒன்று இருந்தது. தொடக்க எழுத்து ஆங்கில 'ஒய்'. ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில், 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் செய்த இயந்திரங்களுக்கு அந்த எழுத்தை இட்டார்கள். 1885இல் தொடங்கி 1980இல் மூடப்பட்ட ஆலை அது. இப்படித் தானாக ஒட்டும் தாளை அமெரிக்கர் ஸ்டான்டன் அவரி தொழிலாகத் தொடங்கியதே 1935இல்தான். தன்னைவிட மூத்த இயந்திரத்தின் மேலல்லவா அது இத்தனை காலம் அமர்ந்திருந்திருக்கிறது!

பொன்னெழுத்தில் முதல் பாதி போனது போனதுதான். மிச்சப் பாதி இன்னும் மின்னுகிறது. அந்தப் பெருநாளைக்கு என் ஜிப்பாவையும் அதில்தான் தைத்தாள். கூலி கேட்டு வாங்கிக்கொண்டாள்.