ஒரு தோட்டமா, இரண்டு ஊர்களா?

மலாக்காவில் ஒரு புதிர் உண்டு. காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளின் முன்னோர், சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்கள். இன்று அவர்களுடைய வீட்டுமொழி மலாய். ஆனால் பொங்கலும் மாரியம்மன் திருவிழாவும் விடாமல் நடக்கின்றன. அதே மாநிலத்தில் 1896-இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். அதன்பின் பால்மரம் வெட்ட வந்தவர்களின் வழியினர் பலர் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். இரு இடத்திலும் சமயம் நிலைத்தது. மொழி மட்டும் ஏன் ஓரிடத்தில் நழுவியது?

ஆயிரம் பேரிடம் படிவம் கொடுத்தால் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று தெரியும். ஏன், எப்படி என்று தெரியாது. அதற்குத்தான் ‘கேஸ் ஸ்டடி’ எனப்படும் நேர்வு ஆய்வு. நேர்வு என்பது ஒரு குடும்பமாக இருக்கலாம், ஒரு தோட்டமாகவும் இருக்கலாம்.

ஒரே நேர்வை ஆழமாகப் பார்ப்பது ஒரு வழி. 1960-களில் ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியலாளர் மலாயாவின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்தார். 1970-இல் நூலாக வெளியிட்டார். அதில் தோட்டத்துக்குப் ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் வைத்தார், அங்குள்ளவர்களுக்குத் தொல்லை வரக்கூடாதே! வேலை, வீடு இரண்டும் ஒரே நிர்வாகத்தின் பிடியில் இருந்தால் வாழ்க்கை எப்படி அமைகிறது என்பது, உள்ளே இருந்து பார்த்தவருக்கே விளங்கும். ஆனால் ஒரு தோட்டத்தை வைத்து நாட்டுக்கே கணக்குச் சொல்ல முடியாது.

நம் புதிருக்கு ஒப்பீடு வேண்டும். செட்டி கிராமத்தையும் ஒரு தோட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் போதுமா? போதாது என்பேன். காலம், திருமண உறவு, தொழில், தமிழ்ப்பள்ளி என எல்லாமே வேறுபடுகின்றன. எது காரணம் என்று பிரிக்க முடியாது. எனவே மூன்றாவதாக, தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். அவர்களின் முன்னோரும் தோட்டத்தவர்களே. மாறியது இடமும் தொழிலும். அங்கும் தமிழ் நழுவினால், தோட்ட வாழ்க்கைதான் மொழியைக் காத்தது என்ற ஊகம் வலுப்பெறும். நேர்வுகளைக் குலுக்கல் முறையில் எடுக்காமல், இப்படிக் காரணத்தோடு தேர்ந்தெடுப்பதுதான் இதன் உயிர்.

இன்னொரு வழி, ஒருவரின் வாழ்க்கை வரலாறு. பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டதால் இதுவே இப்போது அவசரம். லயத்தில் பிறந்த பாட்டியிடம், “எந்த வயதில், யாரிடம் மலாய் பேசத் தொடங்கினீர்கள்?” என்று கேளுங்கள். பதிவுசெய்ய முதலில் அனுமதி கேளுங்கள். நினைவு ஆண்டுகளைக் குழப்பும். பழைய பள்ளிச் சான்றிதழோ சம்பளச் சீட்டோ இருந்தால் அதையும் வாங்கிப் பாருங்கள்.