மனப்பாடப் பகுதியும் வினாத்தாளும்

தமிழகப் பள்ளிகளில் படித்தவர்களுள் பலருக்குச் செய்யுள் என்றதும் நினைவுக்கு வருபவை நட்சத்திரக் குறியிட்ட மனப்பாடப் பகுதியும், 'அடிபிறழாமல் எழுதுக' என்னும் வினாவும், ஒரு சீர் விடுபட்டாலும் குறைந்துவிடும் மதிப்பெண்ணுமே. பழைய நூல்களின் கடின நடையே இக்கசப்புக்குக் காரணம் என்பதில் ஓரளவு உண்மையுண்டு. சங்கப் பாடல்களின் சொற்களில் பல வழக்கொழிந்தவை, வீட்டில் பேச்சுத் தமிழை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு அவை முற்றிலும் புதியவை. ஆயினும் வகுப்பறையில் அஞ்சப்படும் அதே கம்பனைக் கேட்கக் கம்பன் விழாக்களில் கூட்டம் கூடுவதை நோக்கும்போது, கசப்பில் பெரும்பங்கு வினாத்தாளால் விளைவது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாடலை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதலடி மேடைதோறும் முழங்கித் தேய்ந்துபோனது. ஆனால் 13 அடிகள் கொண்ட அப்பாட்டின் உயிர்நிலை பிற்பகுதியில் இருக்கிறது. மழையால் பெருகிப் பாறைகளில் மோதி ஒலிக்கும் பேராற்றில் தெப்பம் நீரின் போக்கிலேயே செல்வதைக் காட்டி, உயிரும் அவ்வாறே ஊழின்வழிச் செல்வதை உணர்ந்ததனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று அது முடிகிறது. எல்லாம் ஊழின்படி என்றால், நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்கு என்ன பொருள் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாதிட்டுக்கொள்ள இதில் நிறைய இடமுண்டு. தேர்வுக்கோ, பாடற்பொருளின் பெரும்பிரிவாகிய திணை பொதுவியல் என்பதும், அதன் உட்பிரிவாகிய துறை பொருண்மொழிக்காஞ்சி என்பதும் தெரிந்தால் போதும்.

இதற்காக ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் திருத்த வேண்டிய பொதுத்தேர்வில், சரி தவறு என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவையே வினாக்களாகின்றன. குறளின் ஏழு சீர்களையும் நேர், நிரை என்னும் அசைகளாகப் பிரித்து, தேமா, புளிமா முதலிய வாய்பாடுகளை எழுதி, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு முடிவதைக் காட்டும் அலகிடுதல் இதற்குச் சான்று. ஓசையை அறிவதற்கென்றே பிறந்த அக்கருவியில், குறளை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமல் முழு மதிப்பெண் பெற்றுவிட முடிகிறது.

தேர்வின்மேல் முழுப்பழியையும் சுமத்த வரலாறு இடந்தராது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், பாடமாக வைக்கப்பட்டதனாலேயே பழைய நூற்பகுதிகள் சில அச்சேறின. சீவக சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தைப் பவர் பாதிரியார் 1868இல் பதிப்பித்தது பல்கலைக்கழக மாணவர்களுக்காகவே. முழுநூலும் நச்சினார்க்கினியர் உரையுடன் கிடைக்க, 1887இல் உ.வே.சாமிநாதையரின் பதிப்பு வரவேண்டியிருந்தது. மனப்பாடமும் ஏடுகள் அரிதாயிருந்த திண்ணைப் பள்ளிக் காலத்தில் நூலைக் காக்கும் வழியாக இருந்தது. அச்சுப் புத்தகம் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் வந்தபின் அப்பயன் போய், முறை மட்டும் எஞ்சியது.

பாடப்பகுதியைத் தெரிவு செய்வதிலும் சிக்கல் உண்டு. 2016இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களைப் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு உத்தரவிட்டது. எஞ்சிய 25 அதிகாரங்கள் காமத்துப்பால். அங்கேதான் வள்ளுவர் அறிவுரையை நிறுத்திக்கொண்டு, பிரிவிலும் ஊடலிலும் தவிக்கும் மாந்தரைத் தம் வாயாலேயே பேசவிடுகிறார். பதின்ம வயதினர் தாமாகவே புரட்டக்கூடிய பக்கங்களும் அவையே.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் 'வட்டத்தொட்டி' என்ற பெயரில் கூடிய நண்பர் குழு வேறொரு வழியைக் காட்டியது. பாடலில் பேசுபவர் யார், எந்த நிலையில் பேசுகிறார் என்பதை முதலில் மனத்தில் பதித்து, சொற்களைப் பொருள் விளங்கப் பிரித்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப நிதானமாகச் சொல்லிக் காட்டுவது அவரது முறை. தமக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளியதற்காகவும் சிலவற்றைத் திருத்தியதற்காகவும் புலவர்கள் அவரைக் கண்டித்தது நியாயமே. ஆனால் அங்கே கவிதையைச் சுவைத்தவர்கள் எந்தத் தேர்வையும் எழுத வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கு அந்தச் சலுகை கிடையாது. எனினும் மாணவர் முன்பு பாராத பாடலொன்றை அருஞ்சொற்பொருளோடு வினாத்தாளிலேயே அச்சிட்டு, பேசுபவரின் மனநிலை எத்தகையது, அது எந்தச் சொல்லால் வெளிப்படுகிறது என்று ஒரு வினாவேனும் கேட்கலாம். அதற்கு விடைக்குறிப்பில் ஒரே விடையை எழுதிவைக்க இயலாது என்பதும், திருத்துவோருக்கு அது கூடுதல் வேலை என்பதும் உண்மைதான்.