இதய நோயருக்கு ஏற்ற சிற்றுலா: அருங்காட்சியகமும் முதுமரங்களும்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வெளியே எங்கேனும் சென்று வந்தீர்களா? விடை பெரும்பாலும் உடன் வந்தவரிடமிருந்தே வருகிறது. "வாசப்படி தாண்ட விடறதில்லீங்க டாக்டர்." அன்பினால் இடப்படும் தடை இது. ஆயினும் இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நடமாட்டம் குன்றினால் தசைகள் மெலிகின்றன, உடலின் உழைப்புத்திறன் குறைகிறது, மனச்சோர்வு பற்றிக்கொள்கிறது. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடையே மீண்டும் இதயச் சிக்கல் நேர்வது அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆகவே, மருத்துவர் நடக்க அனுமதித்த பின், ஒரு சிற்றுலாவை நாங்கள் பரிந்துரைக்கிறோம். கலைப்பொருள்களும் மரங்களும் நோயுற்றோருக்கு உதவும் என்பது புதிய கருத்தன்று. கனடாவின் மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகம், மருத்துவர் சீட்டுடன் வருவோரைக் கட்டணமின்றி அனுமதிக்கும் திட்டத்தை 2018-இல் தொடங்கியது. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் சாளரத்தின் வழியே மரங்களைக் காண முடிந்த 23 பேர், செங்கற்சுவரை மட்டும் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியது. மரங்கள் மருந்துக்கு மாற்றாகா, மருந்துக்குத் துணையாகலாம்.

நிற்பதே களைப்பு

அருங்காட்சியகத்தில் மெதுவாகத்தானே நடக்கிறோம், களைப்பு எங்கிருந்து வருகிறது என்று பலர் வியப்பதுண்டு. இக்களைப்பைப் பற்றி பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916-இலேயே கட்டுரை எழுதியுள்ளார். நாம் எழுந்து நிற்கும்போது சுமார் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குருதி உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. நடக்கையில் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி அதனை மேலே தள்ளுகின்றன. ஒரு பொருளின் முன் அசையாது நிற்கையில் அந்த உந்துதல் இல்லை. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளும் உட்கொள்வோருக்கு அப்போது தலைசுற்றல் வரக்கூடும். எனவே ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நிற்க வேண்டா. நின்றால் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். இருக்கை கண்ட இடத்தில் அமருங்கள். உயர்ந்த மரத்தையும் தூணையும் அமர்ந்த பின்னரே அண்ணாந்து பாருங்கள்.

காஸ் வன அருங்காட்சியகம்

கோவை ஆர்.எஸ்.புரம் கவுலி பிரவுன் சாலையில், மரங்கள் அடர்ந்த வனக்கல்லூரி வளாகத்தில் இது அமைந்துள்ளது. வனப் பாதுகாவலராக இருந்த ஹோரேஸ் ஆர்ச்சிபால்டு காஸ் என்பவரின் முயற்சியால் 1902-இல் தொடங்கப்பட்டது. பெருமரங்களின் குறுக்குவெட்டுகளும் பலவகை மர மாதிரிகளும் இங்குள்ளன. நோயுற்றோர் தேக்கின் வளையங்களைச் சற்று நேரம் காணுமாறு நாங்கள் விரும்புகிறோம். மழை வாய்த்த ஆண்டில் வளையம் அகன்றும், வறண்ட ஆண்டில் குறுகியும் அமைகின்றது.

இதில் இதய நோயருக்கு ஒரு செய்தி உண்டு. "என் இதயம் பழையபடி ஆகிவிடுமா?" என்று எங்களிடம் கேட்காதவர் அரியர். மாரடைப்பில் மடிந்த தசை மீண்டும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் அவ்விடம் உறுதியான தழும்பாக மாறுகிறது. எஞ்சிய தசை பணியை ஏற்கிறது. மரமும் காயம்பட்ட பகுதியைப் புதுப்பிப்பதில்லை. அதனைச் சுற்றி அரண் எழுப்பி அடைத்துவிட்டு, வெளிப்புறத்தில் புதிய வளையங்களை வளர்த்துக்கொள்கிறது. இதனை அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க மரநோய் அறிஞர் 1970-களில் விளக்கினார். பழைய வடு உள்ளே இருக்க, மரம் நூறாண்டு நிற்பதுண்டு. தழும்பின் அளவைப் பொறுத்து, மருந்தையும் நடையையும் கைவிடாதவர்களில் பலர் இதய நோய்க்குப் பின்னும் நெடுங்காலம் நன்கு வாழ்கின்றனர்.

பேரூர்

நகரின் மேற்கே நொய்யற்கரையில் உள்ள பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை, ஒரு சிற்பக்கூடத்துக்கு இணையானது. நாயக்கர் காலத் தூண்களில் யானையுரித்த பெருமானும் பிச்சாடனரும் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கின்றனர். கல்லில் செதுக்கிய சங்கிலியும் உண்டு. விதை முளைக்காத பிறவாப்புளி, சாவறியாத இறவாப்பனை என்னும் இரு மரங்களைத் தலமரபு போற்றுகிறது. உள்ளே வைரம் பாய்வது மரம், வெளியே வைரம் உள்ளது புல் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்த வேறுபாட்டுக்குப் புளியும் பனையும் தக்க சான்றுகள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்கள் வெயிலில் காய்ந்த கற்றளத்தில் வெறுங்காலுடன் நடந்தால், தோல் வெந்தாலும் அறியமாட்டார்கள். காலை எட்டு மணிக்குள் செல்லுங்கள். வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் வேறொருவர் பார்க்கட்டும்.

உடன் செல்வோர் கவனத்திற்கு

ஒரு நாளில் ஓரிடம் போதும். வீட்டில் எத்தனை நிமிடம் இளைப்பின்றி நடக்கிறாரோ, அதற்கு மேல் தொடர்ந்து நடத்த வேண்டா. நடக்கும்போது தடையின்றிப் பேச முடிய வேண்டும். உணவு உண்டு ஒன்றரை மணி நேரமாவது கழியட்டும். சித்திரை, வைகாசி நண்பகலைத் தவிருங்கள். திறந்திருக்கும் நேரம், சக்கர நாற்காலி வசதி ஆகியவற்றை முன்னரே தொலைபேசியில் கேட்டறியுங்கள். தண்ணீர், மாத்திரைகள், மருத்துவச் சீட்டின் நகல் ஆகியன கையில் இருக்கட்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அமரச் செய்யுங்கள். நெஞ்சுவலிக்கென நாவின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால், அமர்ந்த நிலையிலேயே வையுங்கள். நின்றபடி வைத்தால் அழுத்தம் குறைந்து விழ நேரலாம். வலி ஐந்து நிமிடத்தில் தீராவிடில் 108-ஐ அழையுங்கள். சொந்த வண்டியில் அலைய வேண்டா.

எத்தனை நிமிடம் நடந்தார், எங்கெங்கு அமர்ந்தார், இளைப்பு வந்ததா என்பதை ஒரு தாளில் குறித்து, அடுத்த மறுபரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த உலாவை எவ்வளவு நீட்டலாம் என்பதை அதைக் கொண்டே நாங்கள் முடிவு செய்வோம்.